இரண்டாவது படகில் தொடங்கும் பாடம்: தொடக்க வகுப்பில் செய்து, சோதித்து, திருத்தும் அறிவியல்

பள்ளியில் ‘ப்ராஜெக்ட்’ கொடுத்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு அப்பா தெர்மாகோல் அறுத்துக்கொண்டிருப்பார், அம்மா சார்ட்டில் தலைப்பு எழுதுவார், ப்ராஜெக்ட்டுக்குச் சொந்தக்காரப் பிள்ளை தூங்கிப்போயிருக்கும். மறுநாள் மேசைமேல் அழகான மழைநீர்ச் சேகரிப்பு மாதிரி ஒன்று நிற்கும். அதில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. சமையல் சோடாவும் வினிகரும் பொங்கும் எரிமலையும் இந்த ரகம்தான். அது எப்போதும் பொங்கும். எப்போதும் வெற்றி பெறுகிற ஒன்றில் குழந்தை திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

வடிவமைத்து, சோதித்து, திருத்திக் கற்பது வேறு வகை. அங்கே செய்த பொருள் தோற்க வாய்ப்பு இருக்க வேண்டும். எவ்வளவு தோற்றது என்று எண்ணிச் சொல்ல முடிய வேண்டும். மறுபடி செய்ய நேரமும் பொருளும் மிச்சம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவது. முதல் சுற்றோடு மணி அடித்துவிடும், கைதட்டி முடித்துவிடுவார்கள். முதல் சுற்றில் குழந்தை செய்வது கைவேலை மட்டும்தான். தன் பொருள் எங்கே, ஏன் தோற்றது என்று பார்த்து ஒரே ஒரு மாற்றம் செய்து இரண்டாவதைக் கட்டும்போதுதான் அது அறிவியல் பாடமாகிறது.

இதை ஒரு படகை வைத்தே பார்க்கலாம்.

12 செ.மீ. ஃபாயில், ஒரு தொட்டித் தண்ணீர்

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஏற்ற பணி இது. 12 செ.மீ. சதுரமாக வெட்டிய சமையலறை ஃபாயில் பேப்பர் குழுவுக்கு ஒன்று. டேப், பசை, குச்சி எதுவும் கிடையாது. மூழ்காமல் எத்தனை ஒரு ரூபாய் நாணயங்களைச் சுமக்கும் படகை அதில் செய்ய முடியும்?

சுமார் 30 செ.மீ. அகலமுள்ள 9 மீட்டர் ரோல் ஒன்றில் இப்படி 150 சதுரங்கள் கிடைக்கும். 35 பிள்ளைகளை நால்வர் குழுவாகப் பிரித்தால் ஒன்பது குழு. குழுவுக்கு நான்கு முயற்சி என்றாலும் 36 துண்டுதான் செலவு, மீதி அடுத்த வகுப்புக்கு. பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டி மூன்று போதும். ஒவ்வொன்றிலும் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர், பக்கத்தில் நாற்பது நாணயம், நாணயம் துடைக்கப் பழைய துணி. ஃபாயிலை ஆசிரியரே முந்தின நாள் ஸ்கேல் வைத்து அளந்து வெட்டிவைப்பது நல்லது. பிள்ளைகளிடம் ரோலைக் கொடுத்தால் அளவு மாறும், அளவு மாறினால் பின்னால் வரும் ஒப்பீடு எல்லாம் வீண்.

முதல் சுற்றில் பாதிப் பேர் காகிதக் கப்பல் மடிக்கத் தொடங்குவார்கள். கை அறிந்த மடிப்பு அது. ஃபாயிலில் அது சரிவராது. பல மடிப்புகளுக்குள் தாள் ஒளிந்துகொள்வதால் படகுக்குள் இடம் குறையும், மடித்த மூலைகளில் தாள் கிழியும். அந்தப் படகு பத்து நாணயத்தைத் தாண்டினாலே பெரிது. வேறு சிலர் ஓரங்களைத் தூக்கித் தட்டு மாதிரி செய்வார்கள். அது அதைவிட அதிகம் சுமக்கும். இந்தக் கட்டத்தில் ஆசிரியர் வாய் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ‘பெட்டி மாதிரி செய்யுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஒன்பது குழுவும் ஒரே பெட்டியைச் செய்யும், பாடம் அங்கேயே முடிந்துபோகும்.

பெட்டி எவ்வளவு சுமக்கும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கலாம். 12 செ.மீ. சதுரத்தின் நான்கு ஓரத்தையும் 1 செ.மீ. தூக்கினால் உள்ளே 10 × 10 × 1, அதாவது 100 கன செ.மீ. இடம். 2 செ.மீ. தூக்கினால் 8 × 8 × 2 = 128. 3 செ.மீ. என்றால் 6 × 6 × 3 = 108. 4 செ.மீ. என்றால் 64 மட்டுமே. ஆக இரண்டு செ.மீ.தான் உச்சம். ஒரு கன செ.மீ. தண்ணீரின் எடை ஒரு கிராம். படகு விளிம்புவரை அமிழும்போது 128 கிராம் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியிருக்கும், அதே எடையைத்தான் அதிகபட்சம் தாங்கும். ஃபாயிலின் எடை அரை கிராம்கூட வராது.

128 கிராம் என்றால் எத்தனை நாணயம்? இந்தப் பாடத்தில் ஆசிரியரே வழுக்கி விழும் இடம் இது. நம் சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயங்கள் எல்லாம் ஒன்று அல்ல. 25 மி.மீ. அகலமுள்ள பழைய ஸ்டீல் நாணயத்தின் எடை 4.85 கிராம். 2011-இல் வந்த, சுமார் 22 மி.மீ. அகலமுள்ளது 3.79 கிராம். 2019-இல் வெளிவந்த 20 மி.மீ. நாணயம் 3.09 கிராம். ஒரே படகு பழைய நாணயத்தில் 26 சுமக்கும், நடுவில் உள்ளதில் 33, புதியதில் 41. மூன்று தொட்டியிலும் மூன்று கலவையாக நாணயம் கிடந்தால், தோற்ற குழு உண்மையில் ஜெயித்த குழுவாகவும் இருக்கலாம். ஒரே அகலமுள்ள நாணயங்களாகப் பொறுக்கி எடுங்கள், அல்லது ஹார்டுவேர் கடையில் ஒரே அளவு வாஷர் வாங்கிவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு. கலந்தே கொடுத்துவிட்டு, எண்ணிக்கை ஏன் தாறுமாறாக வருகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஐந்தாம் வகுப்புக்கு அதுவே ஒரு முழுப் பாடம்.

கோலிக்குண்டைச் சுமையாகப் போடுவது பல வகுப்புகளில் வழக்கம். வேண்டாம். படகு சற்றுச் சாய்ந்தாலும் குண்டுகள் எல்லாம் அந்தப் பக்கமே உருளும், சாய்வு கூடும், படகு கவிழும். இடமிருந்தும் படகு தோற்றுவிடும். சுமை நகர்வதால் வரும் கவிழ்வைத் தனியாகக் கற்பிக்க விரும்பினால் பிறகு ஒரு நாள் கோலியை எடுங்கள்.

கணக்குப்படி 33 வர வேண்டிய இடத்தில் பிள்ளைகளுக்கு 20, 24 என்றுதான் வரும். ஏன் குறைகிறது என்று பார்ப்பதற்குத்தான் இரண்டாவது படகு. மூழ்குகிற நொடியில் குழுவில் ஒருவர் கண் விளிம்பிலேயே இருக்க வேண்டும். ‘எத்தனை நாணயம்?’ என்று கேட்பதைவிட, ‘முதல்ல எந்தப் பக்கம் தண்ணி ஏறுச்சு?’ என்று கேட்டால் குழந்தைக்குப் பிடி கிடைக்கும். பதில் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

மூலையில் கசிவு: மூலையைக் கத்தரியால் வெட்டி மடித்திருப்பார்கள். வெட்டாமல் மூலைத் தாளைக் கிள்ளிச் சுவரோடு ஒட்டி மடித்தால் கசியாது. நகத்தால் தேய்த்து மடிப்பை அழுத்துவதும் ஊசித்துளை போடும், விரல் நுனியால் அழுத்தினால் போதும். ஒரு பக்கச் சாய்வு: நாணயங்களை ஒரே மூலையில் குவித்திருப்பார்கள். முதல் நாணயம் நடுவில், அடுத்தவை நான்கு மூலையிலும் மாறிமாறி. சுவர் உள்நோக்கி வளைவது: வெளியிலிருந்து தண்ணீர் அழுத்துகிறது, ஒற்றைத் தாள் தாங்கவில்லை. விளிம்பை மூன்று மி.மீ. வெளிப்பக்கம் மடித்தால் சுவர் விறைக்கும், ஆனால் உயரம் அந்த அளவுக்குக் குறையும். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கும் இடம் பார்க்கச் சுவாரசியமானது. நான்காவது, நாணயத்தை மேலிருந்து போடுவது. தண்ணீரைத் தொடுமளவு கையைத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

விளக்கம் எப்போது? முதல் சுற்று முடிந்த பிறகு, இரண்டாவதற்கு முன்னால். கையில் ஒரு தோல்வி இருக்கும்போதுதான் விளக்கம் உள்ளே போகும். 20 மி.லி. சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஊசி வேண்டாம். 2 செ.மீ. உயரப் பெட்டிப் படகை மிதக்கவிட்டு அதற்குள் சிரிஞ்சால் தண்ணீர் விடுங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் தண்ணீர் ஏறும், சுவர் வளையாது. ஆறு சிரிஞ்சு, 120 மி.லி., கொண்ட பிறகு விளிம்பு தண்ணீர் மட்டத்தைத் தொட்டு நிற்கும். 120 மி.லி. தண்ணீர் 120 கிராம். 3.79 கிராம் நாணயத்தில் அது ஏறக்குறைய 32. படகுக்குள் எவ்வளவு தண்ணீர் கொள்ளுமோ அந்த எடையைத்தான் அது சுமக்கும் என்பதைச் சூத்திரம் எதுவும் எழுதாமல் கண்ணால் காட்டியாகிவிட்டது. ஆர்க்கிமிடீஸ் பெயரை எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

‘கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்’ என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். அதை உடைக்க அதே ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கிப் போட்டுக் காட்டுவது வழக்கம். இங்கேயும் ஒரு பொறி உண்டு. கையால் கசக்கிய உருண்டை மூழ்காது. மடிப்புகளுக்குள் காற்று அடைபட்டிருக்கும். ‘பாருங்கள், மூழ்கும்’ என்று சொல்லிவிட்டு அது மிதந்தால் ஆசிரியர் முகம் சுருங்கிப்போகும். கல்லை வைத்து நன்றாகத் தட்டி நசுக்கிய பிறகு போட்டால்தான் அடிக்குப் போகும். தட்டுவதற்கு முன்னும் பின்னும் போட்டுக் காட்டுங்கள். எடை மாறவே இல்லை, அது அடைத்துக்கொண்ட இடம்தான் குறைந்தது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அழுகுணி ஆட்டம்

ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைக்க வேண்டும் என்பதைப் பத்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? ‘மாறி’, ‘கட்டுப்படுத்தப்பட்ட மாறி’ என்று கரும்பலகையில் எழுதினால் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். தெருக் கிரிக்கெட்டில் அவர்களிடம் ஏற்கெனவே அந்தச் சொல் இருக்கிறது: அழுகுணி ஆட்டம். ஒரு குழு பெரிய தாளில் செய்தால் அழுகுணி. ஒரு குழு நாணயத்தை அடுக்கி வைக்க, இன்னொரு குழு வீசிப் போட்டால் அழுகுணி. பிள்ளைகளே விதிமுறை போடட்டும். எப்போது ‘மூழ்கியது’ என்று கணக்கு? விளிம்பில் தண்ணீர் ஏறியதும் சேர்த்தியா, அடியைத் தொட்டால்தான் சேர்த்தியா? மூழ்கடித்த நாணயத்தை எண்ணலாமா? இந்தச் சண்டையைப் பத்து நிமிடம் நடக்கவிட வேண்டும். அளவீட்டுக்கு வரையறை தேவை என்பதை அவர்கள் அந்தச் சண்டையிலேயே கண்டுகொள்வார்கள்.

அதன்பின் ஒரு மாற்றம், ஒரே மாற்றம். ‘சுவரை உயர்த்தி, விளிம்பையும் மடிச்சு, நாணயத்தையும் பரப்பி வெச்சோம் சார், 31 வந்துச்சு’ என்று ஒரு குழு ஓடி வரும். எண் கூடியது மகிழ்ச்சிதான். எதனால் கூடியது என்று கேட்டால் பதில் இராது. நோட்டில் நான்கு வரி போதும்: படகின் படம் அளவோடு, நம் ஊகம், வந்த எண், அடுத்து மாற்றப்போகும் ஒன்று. நான்காவது வரியை எழுதாத குழுவுக்கு அடுத்த ஃபாயில் கிடையாது. கொஞ்சம் கறாரான விதி. ஆனால் இந்த ஒன்று இல்லாவிட்டால் இரண்டாவது படகும் முதல் படகு போலவே வெறும் கைவேலையாகிவிடும்.

பரிசு வேண்டாம் என்பது இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது. ‘அதிகம் சுமக்கும் படகுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்’ என்று அறிவித்துப் பாருங்கள். குழுக்கள் கையால் மறைத்துக்கொண்டு மடிக்கும், தோல்வியை எண்ணாமல் விடும், பக்கத்துக் குழுவைக் ‘காப்பி’ என்று புகார் சொல்லும். முதல் சுற்று முடிந்ததும் எல்லாப் படகையும் வரிசையாக வைத்து, எண்ணைப் பக்கத்தில் எழுதி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்க விடுங்கள். யாரிடமிருந்தும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரிடமிருந்து எடுத்தோம் என்று நோட்டில் எழுதினால் போதும்.

பனிக்கட்டியை யார் காப்பாற்றுவது?

இரண்டாவது பணி வெப்பம் பற்றியது. இதை இங்கே சொல்ல ஒரு காரணம், இதன் பின்னால் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய முதல் கப்பலில் 180 டன் ஏற்றப்பட்டது. நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் மிஞ்சியது. சென்னைக்கு வந்த பனியைச் சேர்த்துவைக்க 1842-இல் மெரினா கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். நான்கு மாதம் முழுவதும் உருகிப்போகாமல் வைத்தது மரத்தூள் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

பணி: ஒரு பனிக்கட்டியை மிக அதிக நேரம் காப்பாற்றும் பொதியைச் செய்யுங்கள். பொருள்கள்: மரத்தூள், தேங்காய் நார், பஞ்சு, கம்பளித் துணி, செய்தித்தாள், ஃபாயில். எல்லாருக்கும் சுற்றிலும் 2 செ.மீ. தடிமன்தான் அனுமதி.

சிறிய ஜிப் கவர்களில் சிரிஞ்சால் தலா 20 மி.லி. தண்ணீர் விட்டு முந்தின இரவே உறைய வையுங்கள். பள்ளியில் ஃப்ரீசர் இல்லையென்றால் வீட்டில் உறையவைத்துத் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவரலாம். கட்டி கவருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது முக்கியம். வெறும் கட்டியைப் பஞ்சில் சுற்றினால் உருகிய தண்ணீரைப் பஞ்சு குடித்துவிடும், அளக்க எதுவும் மிஞ்சாது. அதோடு ஈரமான பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும் வேலையையும் விட்டுவிடும். தடுப்பது பஞ்சு அல்ல, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. ஈரம் அந்தக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எப்போது பிரிப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். சீக்கிரம் பிரித்தால் எல்லாப் பொதியிலும் கட்டி அப்படியே இருக்கும். தாமதித்தால் எல்லாம் தண்ணீர். ஒரு கட்டியை எதிலும் சுற்றாமல் மேசைமேல் தட்டில் வைத்துவிடுங்கள். அதில் முக்கால் பங்கு உருகியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். கவரின் மூலையைக் கத்தரித்து, உருகிய தண்ணீரைச் சிரிஞ்சில் இழுத்து மி.லி. கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எது குறைவோ அது நல்ல பொதி.

பிரிப்பதற்கு முன் ஊகம் கேட்டால் கம்பளிக்குக் கடைசி இடம்தான் கிடைக்கும். ‘கம்பளி சூடு, ஐஸ் உருகிடும்’ என்பார்கள். வகுப்பில் சண்டை வராமல் இதைத் தீர்க்க ஒரு தெர்மாமீட்டர் போதும். அதைக் கம்பளியில் சுற்றி அரை மணி வைத்தால் பாதரசமோ எண்ணோ ஏறாது. கம்பளி சூடு தருவதில்லை, நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. பனிக்கட்டியிடம் வெளிச் சூட்டை உள்ளே விடாமல் வைக்கிறது. ஃபாயில் மட்டும் சுற்றிய குழு ஏமாந்துபோகும். அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், கட்டியை ஒட்டிச் சுற்றினால் தடுப்பே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பொதியைக் கையில் எடுத்துப் பார்க்கும் குழுவும் தோற்கும். தொடாமல் இருப்பதுதான் இந்தப் பணியில் குழந்தைகளுக்கு மிகக் கடினமான விதி.

தோற்கும் பணிகளும் தோற்க முடியாதவையும்

பணியைத் தேர்ந்தெடுக்கும்போது, குழந்தையின் கையில் இருக்கும் கருவியால் வித்தியாசத்தை அளக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பாராசூட்டை எடுத்துக்கொள்வோம். பாலித்தீன் கவரும் நான்கு நூலும் வைத்துச் செய்யலாம், எல்லாப் பாடநூலும் பரிந்துரைக்கும். 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ 0.64 வினாடி. ஸ்டாப்வாட்சை அழுத்தும் கை 0.2 முதல் 0.3 வினாடி தாமதிக்கும், குழந்தைக்கு இன்னும் கூடும். பாராசூட்டுக்குப் பாராசூட்டு உள்ள வித்தியாசம் அந்தத் தாமதத்துக்குள் காணாமல் போய்விடும். அதனால் நேரம் அளக்காதீர்கள். இரண்டு பாராசூட்டை ஒரே கையால் ஒரே நேரத்தில் விட்டு, எது பின்னால் தரை தொட்டது என்று பாருங்கள். பத்துமுறை விட்டால் ஒன்று எட்டுமுறையாவது பின்தங்க வேண்டும். அப்படி இல்லையென்றால் இரண்டும் சமம் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

காகிதப் பாலம் இதைவிடக் கச்சிதமான பணி. ஒரு ஏ4 தாளை 20 செ.மீ. இடைவெளிக்கு மேல் படுக்கவைத்தால் தன் எடைக்கே தொங்கும். அதே தாளை நீளவாக்கில் 1.5 செ.மீ. விசிறி மடிப்பாக மடித்து வைத்தால் கெட்டியாக நிற்கும். நடுவில் ஒரு பேப்பர் கப் வைத்து நாணயம் போடலாம். பாலம் முறிவதற்கு முன்பே மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து தட்டையாகும். இதைக் கவனித்த குழு அடுத்த முறை இரண்டு முனையிலும் மடிப்பைப் பட்டைத் தாளால் கட்டும். தாங்கியிருக்கும் புத்தகக் கட்டு வழுக்கி நகர்ந்தால் பாலத்தின் மேல் பழி விழும், எனவே புத்தகங்களை நூலால் கட்டிவிடுங்கள்.

மணல், கூழாங்கல், கரி அடுக்கிய நீர் வடிகட்டியைத் தொடக்கப் பள்ளியில் செய்வதில் தயக்கம் உண்டு. மணலைப் பலமுறை கழுவாமல் போட்டால் உள்ளே ஊற்றியதைவிடக் கலங்கலான தண்ணீர் வெளியே வரும். பொடித்த கரி தண்ணீரைக் கறுப்பாக்கும். இவை திருத்தக்கூடிய தவறுகள். ஆனால் எல்லாம் சரியாக அமைந்து தெளிவான தண்ணீர் வந்துவிட்டால், ‘குடிக்கலாம்’ என்ற எண்ணம் குழந்தை மனதில் ஊன்றிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமி அதில் அப்படியே இருக்கும். செய்வதானால் நீல மையைக் கலந்த தண்ணீரை வடிகட்டச் செய்யுங்கள், குடிக்கும் ஆசை வராது.

இந்த முறை வந்த வழி

செய்து பார்த்துக் கற்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பாடநூலுக்குப் பதிலாகச் சோதனைகளையே பாடமாக்கியது. அதை முன்னெடுத்துச் செல்ல 1982-இல் ஏகலவ்யா அமைப்பு உருவானது. 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. அந்தத் திட்டம் நடந்த காலத்தில் அதில் போய்ச் சேர்ந்த பொறியாளர்களில் ஒருவர் அர்விந்த் குப்தா. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூப்பையும் இணைத்து அவர் செய்த வடிவங்கள் பிறகு நாடெங்கும் பரவின. அந்தக் குச்சிச் சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. கைப்பிடிப் பொருளில் பாலக் கட்டுமானத்தின் அடிப்படை வந்துவிடுகிறது.

சோதனையோடு ‘வடிவமைப்பு’ என்ற பகுதியைத் தொடக்கக் கல்விக்குள் முறையாகக் கொண்டுவந்ததில் அமெரிக்காவுக்குப் பங்கு உண்டு. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2003-இல் தொடங்கிய ‘எஞ்சினியரிங் இஸ் எலிமென்டரி’ பாடத்திட்டம் கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து என்று ஐந்து படிகளை வகுத்தது. 2013-இல் வெளியான ‘அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்’ மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை மூன்றாகச் சொல்கிறது: பொருள், நேரம், செலவு ஆகிய வரம்புகளோடு ஒரு சிக்கலை வரையறுப்பது, பல தீர்வுகளை ஒப்பிடுவது, அழுகுணி இல்லாத சோதனை வைத்து எங்கே தோற்கிறது என்று கண்டு திருத்துவது. ஐந்து படிகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டிவைத்த வகுப்புகள் ஏராளம். ஐந்தாவது படிக்கு நேரம் ஒதுக்கிய வகுப்புகள்தான் குறைவு.

தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் குழந்தைகளைத் தரையில் குழுவாக உட்கார வைத்து அட்டைகளைக் கையில் கொடுத்தது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ சிறு வகுப்புகளின் வாசிப்பையும் கணக்கையும் குறிவைத்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘வானவில் மன்றம்’ அறிவியல் சோதனைகளைக் கொண்டுபோவது ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு. நடுவில் இருக்கும் மூன்று முதல் ஐந்துவரை அறிவியல் இன்னும் பாடநூலின் கேள்வி பதிலாகவே நிற்கிறது என்பது என் கருத்து. அந்த வயதில்தான் தண்ணீரில் கைவிடச் சொன்னால் குழந்தை தயங்காது.

இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா? நடக்கும், மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து ஒரே படகுப் பணியைக் கொடுத்தால். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணி, எது அதிகம் என்று சொல்லும். நான்காம் வகுப்பு, சுவர் உயரத்தையும் நாணயத்தையும் அட்டவணையாக எழுதும். ஐந்தாம் வகுப்பு நீளம், அகலம், உயரம் பெருக்கிப் படகின் கொள்ளளவைக் கண்டு, கட்டுவதற்கு முன்பே ஊகம் சொல்லும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் 40 நிமிடம்: பணியையும் விதிகளையும் பேசப் பத்து, கட்டப் பத்து, சோதிக்க இருபது. மூன்று தொட்டிக்கு மூன்று குழுவாக மாறிவந்தால் இந்த நேரம் பிடிக்கும். இரண்டாம் நாள் சிரிஞ்சு விளக்கமும் இரண்டாவது படகும். குழுவுக்குள் ஒரே பிள்ளை எல்லாவற்றையும் செய்வதைத் தடுக்க, மடிப்பவர், நாணயம் வைப்பவர், விளிம்பைப் பார்ப்பவர், எழுதுபவர் என்று நான்கு வேலை. இரண்டாம் நாள் வேலை மாற வேண்டும்.

மதிப்பெண் போட வேண்டுமானால் நாணய எண்ணிக்கைக்குப் போடாதீர்கள். முதல் படகு 24, இரண்டாவது 19 என்று குறைந்தாலும், ‘சுவரை 3 செ.மீ. ஆக்கினோம், அடி சின்னதாகிச் சாய்ந்தது’ என்று எழுதிய குழுவுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

இரண்டு சுற்று முடித்த வகுப்பில் யாராவது ஒருவர் உப்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்பார். கடலில் மிதப்பது எளிது என்று எங்கோ கேட்டிருப்பார்கள். மூன்றாவது சுற்றுக்கு நல்ல கேள்விதான், ஆனால் அளவைப் பார்த்துச் செய்யுங்கள். கடல்நீர் போல லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்தால் 128 கன செ.மீ. படகு கூடுதலாகச் சுமப்பது மூன்று கிராம் சொச்சம், அதாவது ஒரே ஒரு நாணயம். ஒரே படகை மூன்றுமுறை சோதித்தாலே இரண்டு மூன்று நாணயம் முன்பின் வருகிற வகுப்பில் அந்த ஒன்று கண்ணில் படாது, ‘உப்பால் பயனில்லை’ என்று தவறாக எழுதிக்கொள்வார்கள். இனிக் கரையாது என்னும் அளவுக்கு, 100 மி.லி.க்குச் சுமார் 36 கிராம் போட்டால் 33 என்பது 40-ஐ நெருங்கும். இரண்டு லிட்டர் பிடிக்கும் சின்னத் தொட்டிக்கு முக்கால் கிலோ உப்புப் போதும். நாணயங்களை அன்றே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள், ஸ்டீல்தானே என்று விட்டால் அடுத்த வாரம் துருப்புள்ளி வந்திருக்கும்.